பச்சைப் படங்களும் பாயின் நாற்காலியும்

மூலக்குளத்தில் நான் நடத்தும் ஸ்டுடியோவின் உள்ளறையில், கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில், ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி சுவரைப் பார்த்தபடி கிடக்கிறது. அதைச் சிவப்பு என்று சொல்வதற்கே இப்போது கொஞ்சம் தாராள மனசு வேண்டும், அவ்வளவு வெளுத்துவிட்டது. உட்கார்ந்தால் ஒரு பக்கம் லேசாகச் சாயும். வருகிறவர்கள் எல்லாரும் அதைத் திருப்பிப் போட்டுத்தான் உட்காருவார்கள், அவர்கள் போனதும் நான் பழையபடி சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவேன். கூட்டிப் பெருக்க வரும் அக்கா ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டே விட்டார். “என்னாம்மா இது, தப்பு பண்ண புள்ளைய நிக்க வெச்ச மாதிரி நாற்காலிய செவுத்தப் பாக்க வெச்சிருக்கே?” அப்படியெல்லாம் ஒன்றுமில்லை அக்கா, அது ஒரு பெரிய மனுஷர் உட்கார்ந்த நாற்காலி என்றேன். பெரிய மனுஷர் சுவரைப் பார்த்தா உட்காருவார் என்ற சந்தேகம் அவர் முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பதில் சொல்வதென்றால் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாய் என் முதலாளி. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த முதல் சில வருஷங்களில், வில்லியனூருக்கு அப்பால் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ் பிடித்து புதுச்சேரி டவுனுக்கு வந்து, அவருடைய ஸ்டுடியோவில் வேலை செய்தேன். கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு, படங்களுக்குக் கலர் சரிசெய்து ஆல்பம் போடுகிற வேலை. வீட்டில் கரும்பு வெட்டு இருக்கிற நாளில் நான் லீவு போட மாட்டேன் என்பதில் என் அப்பாவுக்குத் தீராத வருத்தம். பாய்க்கு அப்போது நாற்பதைத் தாண்டிய வயது. வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கைலி, பாக்கெட்டில் எப்போதும் ஒரு லென்ஸ் துடைக்கும் துணி. அந்தத் துணியால் லென்ஸைத் துடைத்ததைவிட மூக்குக் கண்ணாடியைத் துடைத்ததுதான் அதிகம். என்னைத் தங்கச்சி என்பார். கோபம் வந்தால் மட்டும் பிரெஞ்சு பாணியில் ‘மதாம்’ என்பார். “மதாம் இன்னிக்கு எத்தன மணிக்கு வந்தீங்க?” என்று கேட்டால் நான் லேட் என்று அர்த்தம்.

நான் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, எனக்குத் தெரியாமல் நான் அந்தக் கடையின் பெரிய சொத்தாகிவிட்டேன். பாயின் வாடிக்கைக்காரர்கள் பெரும்பாலும் டவுனில் இருந்த முஸ்லிம் குடும்பங்கள். நிக்காஹ் என்றால் ஆண்கள் பக்கம் தனி, பெண்கள் பக்கம் தனி. பெண்கள் பக்கம் கேமராவோடு ஆண் போக முடியாது. அதனால் பல கல்யாணங்களில் மணப்பெண்ணுக்குப் படமே இருக்காது, இருந்தால் அவள் தம்பி கை நடுங்க எடுத்த இரண்டு மூன்று இருக்கும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த என் கையில் பாய் ஒருநாள் கேமராவைக் கொடுத்தார். “நீ உள்ள போ தங்கச்சி, நான் வெளியில பாத்துக்கறேன்” என்றார். போனேன். முதல் கல்யாணத்தில் பாதிப் படங்களில் தலை இல்லை. ஆனாலும் அந்த வீட்டுப் பெண்கள் கூட்டமாக வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டார்கள். பிறகு தலைகளும் வர ஆரம்பித்தன, ஆர்டர்களும் வர ஆரம்பித்தன.

நாற்காலி விஷயம் அதிலிருந்துதான் வந்தது. பெண்கள் பக்கத்துப் படங்களைப் பாய் பார்க்க மாட்டார். யாரும் அவரிடம் அப்படிக் கேட்கவில்லை, தானாகவே அப்படி வைத்துக்கொண்டார். ஆனால் ஆல்பம் போடுவதில் அவருக்கு இருந்த ஆசையை என்ன சொல்வது! எந்தப் படம் முதல் பக்கம், எது பெரிதாக வர வேண்டும், எதை ஓரத்தில் வைக்க வேண்டும் என்பதையெல்லாம் அடுத்தவரிடம் விட அவருக்கு மனசே வராது. பார்க்கவும் கூடாது, விடவும் முடியாது. அதனால் அந்தச் சிவப்பு நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்வார். என் முதுகும் அவர் முதுகும் கிட்டத்தட்ட இடிக்கும்.

“சொல்லு தங்கச்சி, என்ன தெரியுது?”

“பொண்ணு நடுவுல இருக்கா பாய். ரெண்டு பக்கமும் சின்னப் பொண்ணுங்க.”

“வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து?”

“எடது பக்க ஜன்னல்லேர்ந்து. மூக்குத்தி மின்னுது.”

“அப்ப அதப் பெருசாப் போடு. பின்னாடி யாராவது சாப்டுகிட்டு நிக்கிறாங்களா?”

“ஒருத்தர் நிக்கிறாங்க பாய்.”

“அவங்கள வெட்டிடு. கைய மட்டும் வுட்டுடாத, முழுசா வெட்டு.”

இப்படித்தான் பக்கம் பக்கமாக ஆல்பம் நடக்கும். பார்ப்பதற்குச் சிரிப்பாக இருக்கும், நானே முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறேன். ஆனால் அவருக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே நான் படங்களை உற்றுப் பார்க்கப் பழகினேன். யார் யாரைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள், யார் கண் எங்கே போகிறது என்பதெல்லாம் வாயால் சொல்லும்போதுதான் தெரியவரும். காலண்டரைப் பார்த்துக்கொண்டு அவர் போட்ட ஆல்பங்கள், கண்ணால் பார்த்து அவர் போட்ட ஆண்கள் பக்கத்து ஆல்பங்களைவிட நன்றாக இருந்தன என்று நான் அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஆண்கள் பக்கத்துக்கும் திரும்பி உட்கார்ந்திருப்பார்.

பச்சை என்கிற சொல்லையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பிறகு நடந்தது புரியாது. முதல் டிஜிட்டல் கேமரா வாங்கியபோது அதில் ‘ரா’ என்று ஒரு வகை இருந்தது. சாதாரணமாக எடுத்தால் கேமராவே படத்தைச் சரிசெய்து, சுருக்கி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கொடுத்துவிடும். ரா ஃபைலில் வெளிச்சம் விழுந்தது விழுந்தபடியே இருக்கும். அதை ஒரு மென்பொருளில் திறந்து, நாமே பதமாக்கி எடுக்க வேண்டும். “ரான்னா என்னா தங்கச்சி?” என்று பாய் கேட்டார். “பச்சைன்னு அர்த்தம் பாய். வேகாதது” என்றேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து ரா ஃபைல் பச்சை ஆனது. அதைப் படமாக மாற்றுவது வேக வைப்பது ஆனது. “அந்த நிக்காஹ் வெந்துடுச்சா?” என்று அவர் உள்ளே குரல் கொடுப்பதும், “இன்னும் பாதி பச்சையா இருக்கு பாய்” என்று நான் பதில் சொல்வதும், கடையில் காத்திருப்பவர்கள் பிரியாணியைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொள்வதும் தினசரி நடக்கும்.

பாயின் தம்பி பிரான்சில் இருந்தார். அவர் அண்ணனுக்காக ஒரு புது கேமரா வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். எங்கள் கையில் ஏற்கெனவே இருந்த அதே கம்பெனி, ஆனால் அப்போதுதான் விற்பனைக்கு வந்த மாடல். கேமரா ஒரு துண்டில் சுற்றி வந்தது. பெட்டி வரவில்லை. விமானத்தில் எடை கூடிவிடும் என்று பெட்டியைத் தம்பி அங்கேயே வைத்துக்கொண்டாராம். புதுச்சேரியில் பிரான்சிலிருந்து வரும் சாமான்கள் எல்லாமே இப்படிப் பெட்டி இல்லாமல், யாருடைய துணிமணிக்கோ நடுவில்தான் வரும், அதனால் எங்களுக்கு அதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை. போனில் தம்பி ஒரே ஒரு விஷயத்தைத்தான் அழுத்திச் சொன்னார். “ராவுலயே எடுங்கண்ணே, இந்த கேமராவோட அருமையே அதுலதான் இருக்குது.” பாய் அன்றைக்கே அதில் பச்சையை மட்டும் வைத்துவிட்டார். பழைய கேமராவின் பச்சையையெல்லாம் எங்கள் கம்ப்யூட்டர் நன்றாகத்தானே வேக வைத்துக்கொண்டிருந்தது.

அதற்கு அடுத்து வந்த நிக்காஹ்தான் இந்தக் கதை. மணப்பெண்ணின் அம்மா புக் பண்ண வரும்போதே திட்டமாகச் சொல்லிவிட்டார். அவர் குரலே அப்படி, கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கும். “படம் எடுக்கறதும் பொம்பள, பாக்கறதும் பொம்பளயா இருக்கணும் பாய். வேற ஆம்பள கண்ணு படக்கூடாது. சொல்லிட்டேன்.”

“என் கண்ணும் சேத்துதான்க்கா. படாது. நான் சொல்லு குடுக்கறேன்” என்றார் பாய்.

பெண்ணுக்குப் பிரான்சில் மாப்பிள்ளை. அவருடைய அம்மாவுக்கு உடம்பு முடியாததால் கல்யாணத்துக்கு வர முடியவில்லை. விசா வந்ததும் பெண் கிளம்பிவிடுவாள், போகும்போது ஆல்பத்தைக் கையோடு கொண்டுபோய் மாமியார் மடியில் வைக்க வேண்டும் என்பது பெண்ணின் அம்மாவுடைய ஆசை. “மருமவ எப்படி வந்தான்னு அந்தம்மா பாக்கணும். எம் பொண்ணு வெறுங்கையோட அந்த வூட்டு வாசல்ல போய் நிக்கக் கூடாது.” இதைச் சொல்லும்போது மட்டும் அந்தக் குரல் கொஞ்சம் இறங்கியது. பெரிய வேலையென்பதால் புது கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு, ஆண்கள் பக்கத்துக்குப் பாய் பழையதை எடுத்துக்கொண்டார். அன்றைக்கு நான் எடுத்ததுபோல அதற்கு முன் எடுத்ததில்லை. பெண் நல்ல சிவப்புப் புடவை, கை நிறைய மருதாணி, எதற்கெடுத்தாலும் சிரிக்கிற முகம். அவள் அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டே திட்டிக்கொண்டிருந்தார், அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை இரண்டு கேமராக்களின் கார்டையும் கம்ப்யூட்டரில் போட்டேன். ஆண்கள் பக்கத்துப் பச்சை ஒன்றுவிடாமல் திறந்தது. பெண்கள் பக்கத்தில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. ‘இந்த வகைக் கோப்பு எனக்குத் தெரியாது’ என்று ஒரு சின்னக் கட்டம் வந்தது. எந்தப் படத்தைத் தட்டினாலும் அதே கட்டம். ஃபைலின் பெயருக்குப் பின்னால் வரும் மூன்றெழுத்து பழைய கேமராவுக்கும் புதிய கேமராவுக்கும் ஒன்றுதான். அதனால் எனக்குத் தலையும் புரியவில்லை காலும் புரியவில்லை. அந்த மூன்றெழுத்தை மாற்றி, சாதாரணப் படத்தின் பெயரை வைத்துப் பார்த்தேன். கம்ப்யூட்டர் ஏமாறவில்லை. பிரவுசிங் சென்டருக்குப் போய்த் தேடியபோதுதான் விஷயம் விளங்கியது. ஒவ்வொரு புது மாடலுக்கும் அந்தக் கம்பெனி பச்சையைக் கட்டி வைக்கும் விதத்தை மாற்றிவிடுகிறது. மென்பொருள்காரர்கள் அதைக் கண்டுபிடித்து அடுத்த பதிப்பில் சேர்ப்பதற்குள் இப்படித்தான் ஆகும். புது பதிப்பு வந்திருந்தது, ஆனால் அதைத் தாங்கும் வலு எங்கள் கிழட்டுக் கம்ப்யூட்டருக்கு இல்லை. திரும்பி வந்து பாயிடம் சொன்னேன்.

“பேரு ஒண்ணுதான், ஆளு வேறன்றியா?”

“ஆமா பாய்.”

“அப்ப இது நம்ம அடுப்புல வேகாது.” நாற்காலியில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்தார். அன்றைக்கு அங்கே உட்கார வேண்டிய அவசியமே இல்லை, திரையில் ஒன்றும் இல்லையே.

அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அம்மா போன் செய்தார். பாய் மறைத்துப் பேசத் தெரியாதவர். கடைப் பேச்சிலேயே பதில் சொன்னார். “அக்கா, ஆம்பளைங்க பக்கம் ரெடி. பொம்பளைங்க பக்கம்தான் இன்னும் பச்சையாவே இருக்குது. என்ன பண்ணியும் மாற மாட்டேங்குது.” மறுமுனையில் எழுந்த கூச்சல் எனக்கே கேட்டது. “பச்சையா? எம் பொண்ணு கட்டினது செவப்பு பாய்! அரக்குச் செவப்பு! அது எப்படிப் பச்சையாச்சு?” பாய் விளக்க ஆரம்பித்தார். விளக்க விளக்க நிலைமை மோசமானது. புடவை மட்டுமா, முகமும் பச்சையா என்று கேட்டார் அந்த அம்மா. எல்லாமே பச்சைதான்க்கா, ஒண்ணுகூட வேகலை என்றார் பாய். போன் வைக்கப்பட்டது.

சற்று நேரத்தில் ஆட்டோக்களில் அந்த வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் வந்து இறங்கினார்கள். மணப்பெண்ணும் வந்திருந்தாள், கண்ணெல்லாம் கலங்கி. பாய் சலாம் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, நைசாக டீக்கடைப் பக்கம் நடந்துவிட்டார். அத்தனை பேரையும் என் தலையில் கட்டிவிட்டுப் போன அவர் மேல் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. கேமராவை எடுத்து, அதன் முதுகில் இருக்கும் சின்னத் திரையில் படங்களைக் காட்டினேன். கேமராவுக்குத் தன் பச்சையைத் தானே காட்டத் தெரியும், கம்ப்யூட்டருக்குத்தான் தெரியவில்லை. தீப்பெட்டி அளவுத் திரைக்கு மேல் பத்து தலைகள் குனிந்தன. புடவை சிவப்பாகவே இருந்தது. முகங்களும் மனித நிறத்தில் இருந்தன. “அல்லாவே, செவப்புதான்” என்று ஒரு வயதான அம்மா பெருமூச்சு விட்டார். பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “கேமராவுல இருந்து என்ன பிரயோஜனம்மா? இதையா பிரான்சுக்குக் கொண்டு போவ முடியும்? ஆல்பமா வேணும்” என்று சொல்லிவிட்டு, “விசா எப்ப வேணாலும் வந்துடும்” என்றார். அவர்கள் போன பிறகு கடை ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது.

எளிதான வழி ஒன்று இருக்கத்தான் செய்தது. சென்னையில் பாய்க்குத் தெரிந்த லேப்காரர் ஒருவர் இருந்தார். அவரிடம் புது மென்பொருளும் இருந்தது. கார்டைக் காலை பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள், மறுநாள் சிடியில் போட்டுத் தருகிறேன் என்று போனில் சொன்னார். எனக்கு உயிரே வந்தது போல இருந்தது. பாய் ரொம்ப நன்றி என்று சொல்லி போனை வைத்துவிட்டு, கார்டை என் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

“என்னா பாய்? அனுப்பலையா?”

“அங்க உக்காந்து வேல பாக்கறது அத்தனையும் ஆம்பளப் பசங்க தங்கச்சி.”

“அவங்க தெனம் ஆயிரம் கல்யாணம் பாக்கறாங்க. இந்தப் பொண்ணு யாருன்னே அவங்களுக்குத் தெரியாது. யாரு போய்ச் சொல்லப் போறா?”

“யாரும் சொல்ல மாட்டாங்க. அதான் எனக்கு பயமா இருக்குது” என்றார். பிறகு, “முன்வாசலைச் சாத்தறேன்னு சொல்லிட்டுப் பின்வாசலைத் திறந்து வுட்டா, அதுக்குப் பேரு சாத்தறதா?” என்று கேட்டார்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. அந்தப் பெண் வெறுங்கையோடு போனால் பரவாயில்லையா என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். ராத்திரி பஸ்ஸில் ஊருக்குப் போகும்போதும் மனசுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே போனேன். அன்றைக்கு அவர் செய்தது வீம்பு என்றுதான் நான் நினைத்தேன். இப்போது அந்தப் படங்களை அனுப்பச் சொன்ன அன்றைய என்னையும் எனக்குப் புரிகிறது, பூட்டி வைத்த மனுஷரையும் புரிகிறது. எடுக்கும்போது என்னை நம்பி முக்காட்டை விலக்கியவர்கள் அந்த வீட்டுப் பெண்கள். அந்த நம்பிக்கை எனக்குப் பின்னால் நின்ற பாயின் சொல்லால் கிடைத்தது என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை.

பாய் பிரான்சுக்கு போன் போட்டார். தம்பி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பெட்டிக்குள் ஒரு சிடி இருந்ததே, அதில் அந்தக் கேமராவுக்கான மென்பொருள் இருக்குமே என்றார். பெட்டி கட்டடத்துக்குக் கீழே இருக்கும் சாமான் அறையில் கிடந்தது. பாய் தம்பியைத் திட்டியதை நான் அன்றுதான் கேட்டேன். துண்டு வந்திருக்கிறது, அழுக்குத் துணி வந்திருக்கிறது, சிடி மட்டும் எடை கூடிவிடுமா என்று கேட்டார். சிடி புறப்பட்டது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களுக்கு வரும் சொல்தா பென்ஷன் வாங்கும் ஒரு குடும்பத்து அம்மா, விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர், அதைக் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். பாய் போய் வாங்கிக்கொள்ள இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. அதற்குள் அந்த அம்மா அது பாட்டு சிடி என்று நினைத்து டெக்கில் போட்டுப் பார்த்திருக்கிறார். “ஒரு பாட்டும் வரலியே முசியே, கெட்டுப் போச்சு போலிருக்குது” என்று வருத்தத்தோடு கொடுத்தாராம். பாய் அதை வாங்கி, சட்டைப் பையிலிருந்த லென்ஸ் துணியால் துடைத்துத் துடைத்துக் கொண்டுவந்தார். ஒரு முறையாவது அந்தத் துணி உருப்படியான வேலைக்குப் பயன்பட்டது.

சிடியைப் போட்டேன். மென்பொருள் ஏறியது. எங்கள் கிழட்டுக் கம்ப்யூட்டர் அதைத் தாங்கியது. ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக அந்தக் கல்யாணத்தின் படங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றின. நான் கத்திய கத்தலில் பாய் உள்ளே ஓடிவந்தார். பாதி வழியிலேயே ஞாபகம் வந்து, கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, தடவிக்கொண்டே போய்ச் சிவப்பு நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு வேறொரு வில்லங்கம் தெரிந்தது. அந்த மென்பொருள் முழுக்க முழுக்க பிரெஞ்சில் இருந்தது. எனக்கு நன்றி சொல்லும் மெர்சியைத் தவிர ஒரு வார்த்தை தெரியாது. பாய் சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்தவர். ஆனால் அவர் திரும்பிப் பார்க்க முடியாது, ஓரம் முழுக்கப் பெண்கள்.

“எழுத்தைச் சொல்லு தங்கச்சி, நான் அர்த்தம் சொல்றேன்.”

“ஓ, யூ, வி, ஆர், ஐ, ஆர்.”

“‘ஐ’யா? அப்படி ஒரு எழுத்தே கெடையாதே... ஆங், புரிஞ்சுது. உவ்ரீர்! திற! தட்டு தட்டு!”

தட்டினேன். படம் பெரிதாக வந்தது. கலரைச் சரிசெய்தேன். அடுத்தது என்ன என்று தெரியவில்லை. இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று ‘ஆனுவல்’ போல இருந்தது. இன்னொன்றில் ‘ரெஜிஸ்டர்’ மாதிரி ஒன்று தெரிந்தது. ரெஜிஸ்டர் என்றால் மென்பொருளைப் பதிவுசெய்யச் சொல்லும், வம்பு எதற்கு என்று நான் அதைத் தொடவே இல்லை. ஆனுவலைத் தட்டினேன். செய்த வேலையெல்லாம் மறைந்து, படம் பழையபடி ஆனது. மறுபடி செய்தேன், மறுபடி மறைந்தது. “என்னா தங்கச்சி, சத்தத்தையே காணோம்?” என்றார் பாய். அந்த ரெஜிஸ்டர் வார்த்தையை எழுத்துக்கூட்டினேன். “ஈ, என், ஆர், ஈ, ஜி...” எனக்கு இங்கிலீஷ் எழுத்து, அவருக்குப் பிரெஞ்சு எழுத்து. நான் ஈ என்றால் அவர் காதில் அது ஐ, பிரெஞ்சில் அந்த எழுத்தை ஈ என்றுதான் சொல்வார்கள். நான் ஜி என்றால் அவர் காதில் அது ஜே. அவர் மனசுக்குள் எழுதிப் பார்த்த வார்த்தை எந்த மொழியிலும் இல்லாதது. “இது பிரெஞ்சே இல்ல தங்கச்சி, சிடிய அந்த மதாம் டெக்குல போட்டுக் கெடுத்துட்டாங்க” என்று அவர் முடிவுகட்டினார். எத்தனை முறை இப்படி ஆளுக்கொரு மொழியில் கத்திக்கொண்டோம் என்று தெரியாது. கடைசியில் வெறுத்துப்போய், ஒரு காகிதத்தில் அந்த வார்த்தையை எழுதி, தோளுக்கு மேலாக அவர் கையில் கொடுத்தேன். இவ்வளவு நேரம் அது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

பாய் காகிதத்தைப் பார்த்தார். “அடப் பாவமே. அன்ரெஜிஸ்த்ரே! சேமிச்சு வைன்னு அர்த்தம். இதப் போயா இவ்ளோ நேரம் தொடாம இருந்தே?” என்றார். நான் விழுந்து விழுந்து தட்டிய ஆனுவல், வேண்டாம் என்று ரத்துசெய்யும் பொத்தானாம். அடுத்து ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தேன், பச்சையைப் படமாக மாற்றுவதற்கான பொத்தானில் இருந்த வார்த்தை. அதைப் படித்ததும் அவர் சுவரைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். தெவெலொப்பே. ஃபிலிம் காலத்தில் இருட்டறையில் அவர் செய்துகொண்டிருந்த அதே வேலையின் பெயர். “கழுவறதுதான் தங்கச்சி! நாம இத்தன நாளா வேக வெச்சிகிட்டு இருக்கோம், இவங்க படத்தைக் கழுவுறாங்க!” என்றார். கழுவினேன். சேமித்தேன். முதல் படம் முழுசாக வந்து திரையை நிறைத்தது.

அந்தச் சிவப்பை நான் இன்னும் மறக்கவில்லை. ஜரிகையின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. மருதாணி இன்னும் ஈரமாக இருப்பதுபோல் இருந்தது. “என்னா தங்கச்சி? வந்துச்சா?” என்று பின்னாலிருந்து குரல். நான் படத்தை இன்னும் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன். “செவப்பா?” என்று மறுபடி கேட்டார். “செவப்பு பாய். நல்ல அரக்குச் செவப்பு” என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு, நாற்காலியின் கையில் தாளம் போட்டார். பிறகு அந்த அம்மாவுக்கு போன் செய்து, “அக்கா, பச்சை போயிடுச்சு” என்றார். இந்த முறை அவர் அதற்குமேல் விளக்கவில்லை.

அச்சடிக்கும் லேபிலும் மெஷினில் உட்கார்ந்திருந்தது ஒரு பெண்தான். கூடவே நின்று வாங்கி வந்தேன். ஆல்பத்தை எடுத்துப்போக அந்த அம்மாவே வந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில், முக்காட்டைச் சரிசெய்துகொண்டே மகளைத் திட்டும் தன் படத்தைப் பார்த்ததும்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது. விசா வந்தது, பெண் ஆல்பத்தோடு கிளம்பினாள். மாமியார் அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார் என்று பிறகு செய்தி வந்தது. அதைக் கேட்ட அன்று பாய் கடையில் எல்லாருக்கும் டீ வாங்கித் தந்தார், யாரோ புது வாடிக்கைக்காரருக்கும் சேர்த்து.

வருஷங்கள் ஓடிவிட்டன. எனக்கு மூலக்குளத்தில் கல்யாணம் ஆனது, சொந்தமாக ஸ்டுடியோ போட்டேன். பாய் கடையை மூடியபோது நான் கேட்டு வாங்கிவந்தது அந்த நாற்காலி ஒன்றைத்தான். அவர் இப்போது பேரப்பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறார். வில்லியனூர்ப் பக்கம் வந்தால் என் கடைக்கு வராமல் போக மாட்டார். போன வருஷம் ஒருநாள் ஒரு பெண்மணி வந்தார், கூடவே அவர் உயரத்துக்கு வளர்ந்த மகள். சிரித்ததும்தான் அடையாளம் தெரிந்தது. அந்த மணப்பெண். அம்மா இறந்து சில மாதங்கள் ஆகின்றன, ஆல்பத்தின் தாள்கள் ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்கின்றன, கடைசிப் படம் மட்டுமாவது புதிதாக வேண்டும் என்றார். பச்சையை நான் தூக்கிப் போடவில்லை, பாய் கடையில் இருந்தபோதே சிடியில் ஏற்றி வைத்திருந்தது அத்தனையும் என்னிடம் இருந்தது. இன்றைய மென்பொருளில் அதைத் தட்டினேன். எந்தக் கேமரா, எந்த வருஷம் என்று ஒரு கேள்வி கேட்காமல், கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்துகொண்டது. அன்று நாங்கள் பட்ட பாடு அதற்கு எங்கே தெரியப்போகிறது.

பாய்க்கு போன் செய்திருந்தேன். பேரன் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். உள்ளே வந்து, சலாம் சொல்லி, அம்மாவைப் பற்றி விசாரித்து, கையேந்தி அவருக்காக துஆ செய்தார். பிறகு திரை வெளிச்சமாக இருப்பதை ஓரக்கண்ணால் கவனித்ததும், நேராகப் போய்ச் சிவப்பு நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. “மாமா, நான் இன்னும் புதுப் பொண்ணா? எம் பொண்ணே எவ்ளோ வளந்துட்டா பாருங்க. நான்தானே சொல்றேன், திரும்புங்க மாமா” என்றாள்.

“ஒனக்குன்னா நீ சொல்லலாம்மா” என்றார் பாய். “சொல்லு குடுத்தது ஒங்கம்மாகிட்ட. அவங்க இல்லாம நான் யாருகிட்டேர்ந்து அதத் திருப்பி வாங்கறது?”

அந்தப் பெண் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பாய் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, என் கடைச் சுவரைப் பார்த்தபடி, எப்போதும் கேட்பதுபோல் கேட்டார்.

“சொல்லு தங்கச்சி, என்ன தெரியுது?”

“பொண்ணு நடுவுல இருக்கா பாய். செவப்புப் புடவை. பக்கத்துல அவங்கம்மா நின்னு முக்காட்டைச் சரிபண்றாங்க.”

“பொண்ணு சிரிக்குதா?”

“சிரிக்கிறா பாய்.”

“அவங்கம்மா?”

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். அச்சில் தெரியாதது திரையில் தெரிந்தது. வாய் திட்டிக்கொண்டுதான் இருந்தது. கண்கள் வேறு மாதிரி இருந்தன.

“அவங்களும்தான் பாய்” என்றேன்.